மரத்தடியில் கம்ப்ரசர் வைக்கும் முன்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கம்ப்ரசரைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது பாறை பூமி. டிராக்டரில் கம்ப்ரசரைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிணற்றில் குழி போட்டுக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. கிரானைட் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனவர்களும் உண்டு. அழுத்தக் காற்றால் மண்ணை ஊதி, வேரை வெட்டாமல் வெளியே காட்டும் கருவியை மர வைத்திய வேலைக்கு நான் கொண்டுவந்தபோது, அதைப் பிடிக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காற்றோடு பழகிய கைகள் ஏற்கெனவே தயாராக இருந்தன.

அந்தப் பழக்கம்தான் எனக்குக் கிடைத்த பெரிய பலம். எனக்கு இருக்கும் பெரிய கவலையும் அதுதான். வேலை முடிந்ததும் ஓஸை எடுத்துத் தலையிலும் சட்டையிலும் ஊதித் தூசியைப் போக்கிக்கொள்வது இங்கே சகஜம். கிணற்று வேலையில் பல வருஷம் பழுத்த ஒரு அண்ணனிடம் அதை நிறுத்துங்கள் என்று சொன்னேன். "காத்துதானே தம்பி, என்னா பண்ணிடும்?" என்றார். நல்ல மனிதர், திறமையான தொழிலாளி. அவர் கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கருவி இங்கே எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மாந்தோப்புகளில் ஏரி வண்டலைக் கொட்டுவது வழக்கம். ஏரியிலிருந்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது, நல்ல விஷயம். ஆனால் அதை வரிசைகளுக்கு நடுவே பரப்பாமல் அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி, இரண்டடிக்குக் குவித்துவிடுகிறார்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தை நான் வேர்க்கழுத்து என்று சொல்வேன். அந்த இடத்துப் பட்டை காற்று பட்டே வாழ வேண்டியது. மண்ணுக்குள் புதைந்தால் ஈரத்தில் ஊறி அழுகும். புதைந்த தண்டைச் சுற்றிப் புது வேர்கள் விட்டு, அவையே நாளடைவில் தண்டை இறுக்கவும் தொடங்கும். சாலையோரப் புளியமரங்களுக்கும் இதே கதி. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தரை உயர்கிறது, கிராவல் மண் அடிமரத்தில் ஏறுகிறது. இலை சிறுத்து, நுனிக்கொம்பு காய்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது அடிமரத்தைத்தான்.

அந்த மண்ணை எடுக்கக் கடப்பாரையும் மண்வெட்டியும் போட்டால் வேர் வெட்டுப்படும். ஜேசிபியைப் பற்றிப் பேசவே வேண்டாம். காற்று அப்படி வெட்டாது. மேல்நாடுகளில் ஏர் ஸ்பேட், ஏர் நைஃப் என்ற பெயர்களில் விற்கும் இந்தக் கருவியின் சூட்சுமம் அதன் நாசிலில் இருக்கிறது. முதலில் குறுகி, பிறகு விரியும் துளை அது. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டி லாவல் 1880-களில் நீராவி டர்பைனுக்காக அமைத்த வடிவம். 90 முதல் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில், அதாவது நம் ஆட்கள் 'ஏழு கிலோ' என்று சொல்லும் அழுத்தத்தில் வரும் காற்று, இந்தத் துளையைத் தாண்டும்போது ஒலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பாய்கிறது. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து விரிகிறது. மண் உள்ளிருந்தே உடைந்து சிதறுகிறது. வேருக்கும் குழாய்க்கும் அப்படிப்பட்ட இடைவெளி இல்லாததால், காற்று அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

அண்ணனின் கேள்விக்குப் பதில் இங்கேயே தொடங்குகிறது. இடைவெளி கிடைத்தால் புகுந்து விரிவதுதான் இந்தக் காற்றின் வேலை. மனித உடம்பில் அப்படிப்பட்ட வழிகள் நிறைய. கையில் ஒரு சிறு கீறல் இருந்து, நாசில் பக்கத்தில் வந்தால், தோலுக்கு அடியில் காற்று ஏறலாம். அந்த இடம் உப்பி, தொட்டால் நறநறக்கும். காற்று ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. காதுக்கு நேராக ஊதினால் செவிப்பறை கிழியும். கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. விளையாட்டாக ஒருவர் உடம்புக்குள் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, குடல் கிழிந்து அவர் இறந்துபோன செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு முறை மட்டும் வந்ததல்ல. தூசி தட்டும் வேலைக்கே 30 பிஎஸ்ஐக்குக் கீழே குறைத்த காற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த அனுமதியும் இயந்திரத்தையும் பொருளையும் துடைப்பதற்குத்தான், ஆளை ஊதுவதற்கு அல்ல. நம் ஓஸில் இருப்பது அதைப் போல மூன்று மடங்கு. எங்கள் வேலையிடத்தில் தூசி தட்டுவதற்கு ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறோம். சட்டையைக் கழற்றி உதறிக்கொள்வோம். ஓஸை எடுத்து ஊதிக்கொள்பவருக்கு அன்றைக்கு என்னிடம் வேலை கிடையாது.

அடுத்தது ஓஸ். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ உள்ள ரப்பர் ஓஸ், முழு அழுத்தத்தில் இருக்கும்போது அதை இணைக்கும் கப்ளிங் கழன்றால், அடிபட்ட சாரைப்பாம்பு போலத் துள்ளிச் சுழலும். அதன் முனையில் இருக்கும் இரும்புக் கப்ளிங் தலையில் பட்டால் மண்டை உடையும். காலில் பட்டால் எலும்பு. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில், வாடகைக்கு வந்த கம்ப்ரசரின் ஓஸ் கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருந்தது. கிளாம்ப் எங்கே என்று கேட்டேன். கம்பியே போதும், இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடுகிறது என்று பதில் வந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினோம். தோப்புக்காரருக்கு ஒரு நாள் வீணாயிற்று, அவருக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

கட்டுக்கம்பி காற்றழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. போல்ட் போட்டு இறுக்கும் சரியான கிளாம்ப் வேண்டும். நகம் மாதிரி கோத்துக்கொள்ளும் கப்ளிங்குகளில் பின் போடுவதற்கென்று துளை இருக்கும். அந்தப் பின் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், பை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கத்து ஓஸையும் பிணைக்கும் எஃகு வயர் ஒன்றையும் மாட்ட வேண்டும். விப் செக் என்பார்கள். கப்ளிங் விட்டாலும் ஓஸை அது துள்ளவிடாது. அரை அங்குலத்துக்கு மேற்பட்ட உள்விட்டமுள்ள ஓஸ் என்றால், அது வெடித்தவுடன் காற்றழுத்தத்தைக் குறைக்கும் தானியங்கி வால்வு கம்ப்ரசர் முனையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டுமான விதி. நம் வாடகைக் கம்ப்ரசர்களில் அது இருக்காது. நாங்கள் சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறோம். யார் வண்டி வந்தாலும் அதை முதலில் மாட்டிய பிறகுதான் ஓஸ். நிறுத்தும்போதும் முறை உண்டு. கம்ப்ரசர் பக்கத்து வால்வை மூடி, கருவியின் விசையை அழுத்தி ஓஸில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றி, கேஜில் முள் கீழே விழுந்ததைப் பார்த்த பிறகே கப்ளிங்கில் கை வைக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. போர்வெல் லாரியின் கம்ப்ரசர் வேறு ரகம். 200, 300 பிஎஸ்ஐ, அதற்கு மேலும் தள்ளக்கூடியது. "நம்ம லாரி சும்மாதான் நிக்குது, அதுல மாட்டிக்கலாம்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். நாம் பிடிக்கும் கருவியும் ஓஸும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதே போல, உள்ளூர் பட்டறையில் ஜிஐ பைப்பின் நுனியைத் தட்டிச் சப்பையாக்கி, பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் வால்வு) வைத்து இதே கருவியைச் செய்து தருகிறேன் என்பார்கள். மண் பறக்கும்தான். ஆனால் நல்ல கருவியில் விசையை விட்டால் காற்று தானாக நின்றுவிடும். பிடித்தவர் தடுக்கி விழுந்தாலும் மயங்கினாலும் அது நிற்கும். பால் வால்வு திறந்தால் திறந்தபடியே இருக்கும். பைப் கையைவிட்டுப் போனால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. விசையைக் கயிறு போட்டு அழுத்திக் கட்டி வைப்பவர்களும் உண்டு. கை வலிக்கிறது என்பதுதான் காரணம். கை வலித்தால் ஆளை மாற்றுங்கள். பிவிசி பைப்பில் அழுத்தக் காற்றை விடுவதையும் யாரும் செய்யக்கூடாது. அது கிழியாது, சில்லு சில்லாக வெடித்துப் பறக்கும்.

இனி தூசி. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிதானம் போய்விடுகிறது, ஏனென்றால் குவாரி வேலைக்குப் போய் நாற்பது வயதில் மூச்சுக்குத் தவிப்பவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறேன். நம் செம்மண்ணும் கிராவலும் கிரானைட், நைஸ் (gneiss) போன்ற பாறைகள் சிதைந்து வந்தவை. அவற்றில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதாவது படிகச் சிலிக்கா. அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த பாதிப்பைத் திருப்ப மருந்து இல்லை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். ஓஸ் துள்ளினால் அன்றைக்கே தெரியும். தூசி அப்படியல்ல, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். அதனால்தான் ஆட்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்.

துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது இந்தத் தூசிக்குப் போதாது. பெரிய துகளை மட்டும் தடுக்கும். குறைந்தபட்சம் என்95 மாஸ்க், அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும், மாஸ்க் போட்டும் பயனில்லை. நாள் முழுக்க ஊதும் வேலை என்றால், ரப்பர் விளிம்பும் மாற்றக்கூடிய ஃபில்டரும் உள்ள அரைமுக மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது கொடுமை, மறுக்கவில்லை. அதனால் பங்குனி, சித்திரையில் விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்கெல்லாம் ஊதுவதை நிறுத்திவிடுவோம். அப்புறம் நிழலில் கையால் செய்யும் வேலைதான்.

எல்லா மாஸ்க்கையும் விடப் பெரிய உதவி தண்ணீர். முந்தின நாள் சாயங்காலமே அடிமரத்தைச் சுற்றி நன்றாக நனைத்து ஊறவிட்டால், மறுநாள் தூசி வெகுவாகக் குறையும். காய்ந்து இறுகிய மண்ணைவிட ஈரம் பாய்ந்த மண் சீக்கிரம் உடையும், வேரும் காயாது. சேறாகும் அளவுக்கு விடக்கூடாது, முகத்தில் அப்பும். வண்டலில் கிளிஞ்சலும் பாட்டில் துண்டும் கலந்திருக்கும். கிராவலில் கூழாங்கல். இவை எல்லாம் வேகமாகத் தெறிக்கும். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, அதன் மேல் முகத்திரை, முழுக்கை சட்டை, தோல் கையுறை, பூட்ஸ். செருப்போடு வருபவரை நான் ஊதவிடுவதில்லை. ஊதும் திசையில் பிளைவுட் பலகைகளை நிறுத்திக்கொள்கிறோம். வேடிக்கை பார்க்க வருபவர்களையும், முக்கியமாகக் குழந்தைகளையும், கயிறு கட்டித் தள்ளியே நிறுத்துகிறோம்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிடித்திருப்பவரின் காதருகே 100 டெசிபெலைத் தாண்டும். நம் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 100-ல் இரண்டு மணி நேரம்தான். காதடைப்பான் கட்டாயம். காது அடைத்திருக்கும்போது கூப்பிட்டால் கேட்காது என்பதால் கை ஜாடை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கம்ப்ரசர் வால்வுக்குப் பக்கத்தில் ஒருவர் எப்போதும் நின்றபடி, ஊதுபவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆளை டீ வாங்க அனுப்பக்கூடாது.

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஒரு இடத்திலும் தொடங்க முடியாது. தோப்பில் என்றால் முதல் பயம் மோட்டார் ஒயர். மோட்டார் ரூமிலிருந்து போருக்குப் போகும் கேபிளை அரையடி ஆழத்தில், மேலே குழாய்கூட இல்லாமல் புதைத்திருப்பார்கள். நல்ல கேபிளைக் காற்று ஒன்றும் செய்யாது. ஆனால் எலி கடித்த, வெடித்த உறையுள்ள பழைய கேபிளில் தெறிக்கும் கல் பட்டால் கதை வேறு. தோப்புக்காரரை அழைத்துக்கொண்டு நடந்து, ஒயர் போகும் வழியைச் சுண்ணாம்பால் கோடு போட்டு, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி நம் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலை. ஸ்டார்ட்டரை ஆஃப் செய்தால் போதாது, ஆட்டோ போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடும்.

சாலையோரம் இன்னும் சிக்கல். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஊர் ஊராகப் போகின்றன. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்காக வந்த தண்ணீர் அது. அதில் ஒரு மூட்டு விட்டாலும் ஊரே தவிக்கும். அதனோடு இண்டர்நெட் கேபிள்களும் புதைந்திருக்கும். சில இடங்களில் எரிவாயுக் குழாய் போகும் வழியைக் காட்டும் எச்சரிக்கைக் கற்களும் இருக்கும். அந்தக் கல் கண்ணில் பட்டால் அங்கே ஊதவே ஊதாதீர்கள். உலர்ந்த மண் இத்தனை வேகத்தில் உரசிப் பறக்கும்போது நிலைமின்சாரம் சேரும், கசியும் எரிவாயுவுக்கு ஒரு பொறி போதும். தோண்டுவதற்கு முன் குழாய், கேபிள் உரிமையாளர்களுக்குத் தகவல் கொடுக்க 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்திருக்கிறது. அதிலும் பதியுங்கள், ஊராட்சித் தண்ணீர்க்காரரிடமும் கேளுங்கள். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது பல ஊர்களில் அவருக்குத்தான் தெரியும்.

உயிருள்ளவையும் அங்கே இருக்கின்றன. புளியமரத்துப் பொந்தில் கதண்டு, கிளையில் மலைத்தேன், வேரடியில் கட்டுவிரியன், தேள். கம்ப்ரசர் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் தேனீ கலைந்தால் ஓட இடம் இருக்காது. வண்டியை நிறுத்தும் முன் மரத்தை ஒரு சுற்று அண்ணாந்து பார்த்து வாருங்கள். பொந்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் காற்றை விடாதீர்கள். மரத்தடியில் முனியப்பனோ புற்றோ இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்ட பிறகுதான். இது பக்திக்காக மட்டும் சொல்வதில்லை, புற்றுக்குள் யார் குடியிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

கடைசியாக மரம். காற்று வேரை வெட்டாது என்பதால் மரம் சாயாது என்று சிலர் நினைக்கிறார்கள். மரத்தை நிறுத்தி வைத்திருப்பது வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்துதான். சாலை அகலப்படுத்தியபோது ஒரு பக்கத்து வேரையெல்லாம் இழந்த புளியமரத்துக்கு, மிச்சமிருக்கும் பக்கத்து மண்ணையும் ஊதி எடுத்துவிட்டால் பிடிப்பே இருக்காது. அடிமரத்தில் தட்டிப் பார்த்து, உள்ளே பொக்கையாக ஒலிக்கிறதா, காளான் கிளம்பியிருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்து மேடாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்ப்ரசர் வேண்டாம். சாய்ந்த மரத்தில் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து வேர்கள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன, அங்கே ஊதக்கூடாது. நல்ல மரத்திலும் சுற்றி ஒரே நாளில் எடுக்காமல் பகுதி பகுதியாக எடுப்போம். ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையில் மண் ஊறிக் கிடக்கும்போதும் இந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

வேருக்கும் காயம் வரும். நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தினால் வேரின் பட்டை உரிந்துவிடும். சாய்த்துப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வந்த மெல்லிய வேர் நம் வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும் என்பதால் நனைத்த சாக்கை உடனுக்குடன் போர்த்துவோம். வேர்க்கழுத்தை மட்டும் திறந்தபடி விட்டு, மற்ற வேர்களை அன்றைக்கே தொழுவுரம் கலந்த மண்ணால் மூடித் தண்ணீர் விட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் இல்லை, வாடகைக் கணக்குதான். கம்ப்ரசருக்கு மணிக்கணக்கில் வாடகை. வண்டி வந்து நின்ற நிமிஷத்திலிருந்து தோப்புக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த அவசரத்தில்தான் பின் போட மறக்கிறது, ஃப்யூஸ் பிடுங்க மறக்கிறது. அதனால் ஒயர் பார்ப்பது, கோடு போடுவது, தண்ணீர் விடுவது, பலகை நிறுத்துவது எல்லாவற்றையும் முந்தின நாளே முடித்துவிட்டு, மறுநாள் காலையில்தான் வண்டியை வரச் சொல்கிறோம். மாஸ்க், காதடைப்பான், கிளாம்ப் செலவைக் கூலி பேசும்போதே தனி வரியாக எழுதிக் காட்டுகிறேன். அது வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவரிடம் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். போன வேலைகள் உண்டு, வருத்தமில்லை. முதலில் கேள்வி கேட்ட அண்ணன் இப்போது வால்வுப் பக்கத்தில் நிற்பவர். கிளாம்ப் சரியில்லாத ஓஸை என்னைக் கேட்காமலேயே ஒதுக்கி வைக்கிறார்.

சந்தூர் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்கி வைத்து, ஆழமாக நட்டுவிட்டோமோ என்று கவலைப்படுபவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். தொடைப் பருமன் வராத மரத்துக்குக் கம்ப்ரசர் தேவையே இல்லை. களைக்கொத்தால் மேல்மண்ணை மெதுவாகக் கிளறி, வேர் தெரியத் தொடங்கியதும் கையாலும் பழைய பெயின்ட் பிரஷ்ஷாலும் தள்ளி, நடுநடுவே தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் ஒரு காலை நேரத்தில் வேர்க்கழுத்து தெரிந்துவிடும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.